ஓட்டலில் தட்டு தூக்கியவர் காலேஜ் கட்டினார்! 'ஹோப் காலேஜ்' ஸ்டாப்பும் ஜி.டி.நாயுடுவும்

பவானி:

பவானி, பெருந்துறை பக்கம் இருந்து கோவைக்கு படிக்கப் போகும் பசங்களுக்கு அவினாசி ரோட்டில் உள்ள ஹோப் காலேஜ் ஸ்டாப் நல்லா தெரியும். விடியக்காலையில் பஸ் ஏறி, காலி வயிற்றோடு இறங்குபவர்கள் முதலில் தேடுவது டிபன் கடையைத்தான். நாலு இட்லி, ஒரு வடை, சூடா சாம்பார். ஆனா அந்த ஸ்டாப்பில் ஹோப் காலேஜ் எங்கே என்று தேடினால் கிடைக்காது. பேர் மட்டும்தான் மிச்சம்.

அந்த பேர் வரக் காரணமானவர் ஜி.டி.நாயுடு. அவரும் ஒரு காலத்தில் இதே கோவையில் இட்லி, காபி கொண்டு வந்து வைத்த ஓட்டல் சப்ளையர்தான்!

சூலூர் அருகே கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-ந் தேதி பிறந்தார். சின்ன வயசிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அப்பாவின் தோட்டத்தில் வேலை பார்த்தார்.

ரூ.300-க்கு பைக்

வாலிப வயசில் ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததை பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி ஓடுதே! அதே மாதிரி ஒன்று வாங்கியே தீருவது என்று முடிவு பண்ணினார். கையில் காசு இல்லை. கோவைக்கு வந்து ஓட்டலில் சப்ளையராக சேர்ந்தார். டேபிள் துடைத்து, தட்டு தூக்கி, சுமார் 3 வருஷம் காசு சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து அதே வண்டியை வாங்கினார்.

வாங்கிய வண்டியில் ஊர் சுற்றினாரா? இல்லை. நட்டு, போல்ட் எல்லாத்தையும் கழற்றிப் போட்டு திரும்ப மாட்டினார். சொல்லித் தர வாத்தியார் கிடையாது. மெக்கானிக் ஆனார்.

நடுவில் பஞ்சு வியாபாரத்தில் நல்லா சம்பாதித்தார். மும்பை போய் அத்தனையும் விட்டார். வெறுங்கையோடு திரும்பியவருக்கு கைகொடுத்தவர் ஸ்டேன்ஸ் துரை. கடன் பணத்தில் ஒரு பஸ் வாங்கி 1920-ல் பொள்ளாச்சி-பழனி ரூட்டில் ஓட்டினார். டிரைவரும் அவரேதான். அந்த ஒரு பஸ் வளர்ந்து 200-ஐ தாண்டியது. அதுதான் யு.எம்.எஸ்.

1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உள்ளூரிலேயே கரண்ட் மோட்டார் தயாரித்தார். சவரம் செய்யும் ரேசர், ரேடியோ என்று வரிசையாக வந்தன. கிணற்றுத் தண்ணீர் இறைக்க கோவை மோட்டாரைத்தான் கொங்கு விவசாயிகள் இன்றும் நம்புகிறார்கள். இட்லி மாவு ஆட்டும் கோவை கிரைண்டர் வேறு புவிசார் குறியீடு வாங்கி இருக்கிறது.

முதல்வர் பதவியை உதறினார்

மூன்றாம் வகுப்பு படித்தவர் 1945-ல் என்ஜினீயரிங் கல்லூரிக்கு ஏற்பாடு செய்தார். அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பேரை வைத்தார்கள். ஸ்டாப்புக்கு பேர் வந்த கதை இதுதான். முதல்வர் நாற்காலியிலும் நாயுடுவே உட்கார்ந்தார்.

சண்டை அங்கேதான் வந்தது. என்ஜினீயரிங் படிக்க 4 வருஷம் எதுக்கு, 2 வருஷமே போதும் என்பது அவர் கட்சி. பையன் பட்டறையில் கை வைத்துப் பழகணும், சீக்கிரம் சம்பாதிக்கணும் என்று நினைத்தார். ஏழை வீட்டுக்கு 2 வருஷ காசு என்பது சின்ன விஷயமா? அரசாங்கம் மசியவில்லை. நாயுடுவும் வளைந்து கொடுக்கவில்லை. பதவியை தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

பிறகு 1950-ல் கல்லூரி தடாகம் ரோட்டுக்கு போனது. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். படிப்பும் 4 வருஷம்தான்.

1974 ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார். 2025 அக்டோபரில் அவினாசி ரோட்டில் திறக்கப்பட்ட 10 கிலோ மீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பேர்தான். பாலம் ஏறாமல் கீழ் ரோட்டில் வந்தால் ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் இறங்கலாம்.