10 லட்சம் பொருள் சேர்த்தார், முழுசாகப் பார்க்கவில்லை: யார் இந்த ஹென்றி வெல்கம்?

அல்பரெல்லோ என்பது மறுமலர்ச்சிக் கால இத்தாலியில் லேகியமும் களிம்பும் வைத்த பீங்கான் மருந்து ஜாடி. இடுப்பு ஒடுங்கியிருக்கும், அலமாரியில் நெருக்கி அடுக்கினாலும் சட்டுனு பிடிச்சு எடுக்கலாம்.

இந்த மாதிரி ஜாடிகளைத் தேடித்தேடி வாங்கியவர் ஹென்றி வெல்கம். 1853-ல் அமெரிக்காவில் பிறந்தார். சிறுவயதில் அப்பாவின் சகோதரர் நடத்திய மருந்துக்கடையில் வேலை. 1880-ல் சைலஸ் பரோஸுடன் லண்டனில் மருந்து கம்பெனி தொடங்கினார். மாத்திரைகளுக்கு அவர் 1884-ல் பதிவு செய்த பெயர் ‘டேப்லாய்டு’. ஆமாம், சின்ன சைஸ் பத்திரிகைக்கு நாம சொல்ற அதே வார்த்தைதான்!

கையில் காசு சேர்ந்ததும் மருத்துவ வரலாற்றையே சேகரிக்க இறங்கினார். விலை ஏறிடக் கூடாது என்று அவருடைய ஆட்கள் அவர் பெயரை மறைத்து வாங்கினார்கள். இந்தியாவில் பைரா மால் என்ற டாக்டர் பல வருடம் சுற்றி, சுவடிகளையும் பொருள்களையும் லண்டனுக்கு அனுப்பினார்.

1913-ல் லண்டனில் மியூசியம் திறந்தார். ஆனால் 1936-ல் அவர் இறந்தபோது பல பெட்டிகள் பிரிக்கப்படவே இல்லை. சேர்ந்திருந்தவை 10 லட்சத்துக்கும் மேல். பெரும்பகுதி பல மியூசியங்களுக்குப் பிரிந்து போனது. மருத்துவப் பொருள்கள் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்திடம் உள்ளன.

அவர் பெயரிலுள்ள வெல்கம் கலெக்‌ஷன், 2007-ல் திறந்த ‘மெடிசின் மேன்’ காட்சியை 2022-ல் மூடியது. பொருளைச் செய்தவர்கள், பயன்படுத்தியவர்கள் கதை அதில் இல்லை; வாங்கியவர் கதை மட்டுமே இருந்தது என்பதுதான் பிரச்சினை. அடுத்த முறை மியூசியம் போனால், பொருளின் வயசோடு அது அங்கே வந்த வழியையும் கேளுங்க.