வாடகைக் கப்பலும் வ.உ.சி.யும்

கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1872 செப்டம்பர் 5 அன்று ஓட்டப்பிடாரத்தில் பிறந்தார். வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார். தூத்துக்குடி - கொழும்புக் கடல்வழி வாணிபம் அன்று பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் பிடியில் இருந்தது. அதற்கு மாற்றாக 1906-இல் அவர் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவினார். பங்கு ஒன்று 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள் மட்டும் 8,000 பங்குகளை இரண்டு லட்ச ரூபாய்க்கு வாங்கினார்கள். நம் சமுதாயத்தவரே இதனை மறந்திருப்பதில் நமக்கு வருத்தமுண்டு.

தொடக்கத்தில் சங்கத்திற்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்குப் பேசி ஓட்டினார்கள். வெள்ளையர் கம்பெனியோ கப்பல் கொடுத்தவரை நெருக்கிற்று. ஷா லைன் வாடகை ஒப்பந்தத்தை ரத்துச் செய்தது. ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தில் மற்றவர் குறுக்கிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளதை நாம் அறிவோம். ஒப்பந்தத்தை அறிந்தே முறிக்கத் தூண்டுபவர் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என ஆங்கிலேயரின் நீதிமன்றமும் 1853-லேயே தீர்ப்பளித்திருந்தது. ஆயினும் வழக்காடினால் ஆண்டுகள் கழியும். பயணிகளும் சரக்கும் காத்திருக்க மாட்டா.

வ.உ.சி. சோர்ந்திடாமல் இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு எடுத்தார். பின்னர் காலியா, லாவோ என்னும் கப்பல்களைச் சங்கத்திற்கே வாங்கினார். எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இலவசப் பயணமும் குடையும்கூடத் தந்தது. 1908 மார்ச்சில் அவர் கைதானார். கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1912 இறுதியில் விடுதலையானபோது சங்கம் கலைக்கப்பட்டிருந்தது. காலியா அந்த வெள்ளையர் கம்பெனிக்கே விற்கப்பட்டிருந்தது. 1936 நவம்பர் 18 அன்று வறுமையிலேயே காலமானார்.