நீர்ப்பரப்பும் சர் வேங்கடராமனும்

பௌதிக நூற்குரிய நோபெல் பரிசை 1930-ஆம் ஆண்டிற் பெற்றவர் சர் சந்திரசேகர வேங்கடராமன் என்பது பள்ளிச் சிறாரும் அறிந்ததே. அவர் கண்ட ஒளிச்சிதறலை விளக்கும் கட்டுரைகள் தமிழிற் பல உள. ஆயின், இளமை தொட்டு முதுமைகாறும் அவர் பொருள்களின் மேற்பரப்பையும், அதன்மேற் படியும் மென்படலத்தையும் விடாது நோக்கி வந்தவர் என்பதனைச் சிலரே கூறுவர். அவ்வொரு வழி பற்றியே ஈண்டு அவர் வரலாற்றைச் சொல்லப் புகுகின்றேன்.

அவர் 1888 நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலிற் பிறந்தார். தந்தையார் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1904-இல் பி.ஏ. பட்டமும் 1907-இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். அக்காலத்தே அவர் மேற்கொண்ட ஆராய்ச்சிகளுள் ஒன்று நீர்மங்களின் பரப்பிழுவிசையை அளத்தல். இலைநுனியில் மழைத்துளி விழாது தொங்குவது, அதன் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல் நிற்றலினால் ஆகும். துளியின் வளைவை நுணுக்கமாய் அளந்தால் அவ்விழுவிசையைக் கணித்து விடலாம். இம்முறை பற்றி அவர் எழுதிய கட்டுரை 1907-இல் இலண்டனிலிருந்து வெளிவந்த பிலசாபிக்கல் மாகசீனில் அச்சாயிற்று. எழுதியவர்க்கு அப்போது வயது பதினெட்டு. நம்மில் பலர்க்கு இப்போதுள்ள வயது அது!

அந்நாளில் அவர் இங்கிலாந்துப் பேரறிஞராகிய இரேலி பிரபுவுக்குக் கடிதம் எழுத, அவர் இவரைப் பேராசிரியர் எனவே கருதி மறுமொழி விடுத்தார் என்பர். இரேலியைப் பற்றி இரண்டொரு சொல் கூறுதல் வேண்டும். 1890-இல் அவர் நிறையறிந்த சிறிதளவு ஆலிவ் எண்ணெயை அகன்ற தொட்டி நீரிற் பரவவிட்டு, எண்ணெயின் கன அளவைப் பரப்பினால் வகுத்துப் படலத்தின் தடிப்பைக் கண்டார். நீரின்மேல் ஓடித் திரியும் கற்பூரத் துணுக்குகள் ஓய்ந்து நிற்றற்கு, ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் வரும் கூறுகளில் ஒன்றரைக்குச் சற்று மேற்பட்ட தடிப்பே போதியதாயிற்று. மறு ஆண்டு செருமனியின் பிரவுன்சுவைக் நகரிலிருந்து ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்னும் பெண்மணி அவர்க்கு எழுதினார். கல்லூரியில் இடமின்றி, வீட்டுப் பணிகளுக்கிடையே தகரத் தொட்டியும் தகட்டுத் துண்டும் பொத்தானும் தராசும் கொண்டு, நீர்ப்பரப்பின் மாசுக்கேற்ப அதன் இழுவிசை மாறுவதைப் பல்லாண்டுகளாக அளந்தவர் அவர். இரேலி அக்கடிதத்தை மொழிபெயர்ப்பித்து 1891-இல் நேச்சர் இதழில் வெளிவரச் செய்தார். இதனை மறவாதிருக்க, பின்னர் இதற்குப் பொருளுண்டு.

இத்தகைய படலங்களைக் காண ஆய்வுச்சாலை வேண்டுவதில்லை. எங்கள் சின்னசேலத்துப் பக்கம் நெல்வயலோரம் தேங்கிய நீரின்மேல் வானவில் நிறங்காட்டும் படலத்தைக் கண்டு, யாரோ எண்ணெய் சிந்தினர் என்பார் உளர். குச்சியாற் கலைத்துப் பார்த்தல் வேண்டும். எண்ணெயாயின் விலகி மீண்டும் கூடும். ஓட்டுச் சில்லுப்போல் உடைந்து மிதப்பின், அது நீரிலுள்ள இரும்பை நுண்ணுயிர்கள் துருவாக்கியதனால் உண்டான படலமாகும். இரண்டிலும் நிறத்தைத் தருவது மென்மையே.

இனி இராமன் வரலாறு. மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல எண்ணியவரை மருத்துவர் ஆராய்ந்து, அந்நாட்டுக் குளிரை இவ்வுடல் தாங்காதென்று தடுத்து விட்டார். அவர் நிதித்துறைத் தேர்வில் முதல்வராய்த் தேறி, 1907-இல் கல்கத்தாவிற் கணக்கு அதிகாரியானார். ஒரு பெரிய அறிவு கணக்கேடுகளுள் அடங்கிப் போயிருத்தல் கூடும்! பௌபஜார் தெருவிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுச்சாலையே அவரைக் காத்தது. அலுவலுக்கு முன்னும் பின்னும் அங்கே உழைத்துப் பத்தாண்டு கழித்தார். 1917-இல் ஊதியம் குறைந்தும் பேராசிரியப் பதவியை விரும்பி ஏற்றார்.

1921-இல் கடற்பயணஞ் செய்தபோது, கடலின் நீலம் வானத்தின் நிழலே என்று இரேலி கூறியதனை ஐயுற்றார். நிக்கல் பட்டகத்தைக் கண்ணருகே பிடித்து, நீர்ப்பரப்பு திருப்பும் ஒளியை அவித்துப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னினும் ஆழ்ந்து தோன்றியது. நீரே ஒளியைச் சிதறுகின்றது எனத் தெளிந்தார். பின்னர்ப் பாலக்காட்டினரான இராமதாசுடன் கூடி, தூய நீர்மப் பரப்பும் ஒளியைச் சிதறுதலை 1925-ஆம் ஆண்டளவில் ஆராய்ந்தார். வெப்பத்தால் மூலக்கூறுகள் ஓயாது அசைதலின், அசைவற்றதெனத் தோன்றும் பரப்பும் நுண்ணலை கொண்டதே. நீர்மம் முடிந்து காற்றுத் தொடங்கும் அவ்விடைப் படலத்தின் தடிப்பை ஒளியால் அளத்தலும் அவர்கள் முயற்சியாயிற்று. 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் வெளிப்பட்ட இராமன் விளைவைப் பலரும் எழுதியுள்ளமையால் விரிக்கின்றிலேன்.

1933-இல் அவர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைவரானார். அவ்வாண்டே பம்பாயிலிருந்து கமலா பாகவத் என்னும் பட்டதாரி இடங்கேட்க, பெண் என்னும் காரணத்தால் மறுத்தார். இதனை மறைத்தெழுதுதல் வரலாறு ஆகாது. முன்பின் அறியாத ஒரு பெண்ணின் தொட்டியளவைகளை உலகறியச் செய்த இரேலியின் மறுமொழியால் ஊக்கமுற்றவர், தம் வாயிலுக்கு வந்த பெண்ணை நிறுத்தினார் என்பது வருத்தந் தருவது. கமலா பின்வாங்கவில்லை. ஓராண்டுச் சோதனை என்னும் நிபந்தனையோடு புகுந்து, தம் உழைப்பால் அவர் கருத்தை மாற்றினார். கமலா 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமும் பெற்றார். சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தினரான அன்னா மாணி 1940-இல் வந்து, இராமனிடமே வைரங்களின் ஒளியை ஆராய முடிந்தது. எனினும், எம்.எஸ்ஸி. பட்டம் இல்லாமையால் பல்கலைக்கழகம் இவருக்கு டாக்டர் பட்டம் மறுத்தது. பின்னாளில் வானிலைக் கருவிகள் நம் நாட்டிலேயே செய்யப்பெறுதற்கு இவரே பெருங்காரணர் ஆயினார்.

முதுமையிலும் இராமனுக்குப் படலங்களில் ஆசை குன்றவில்லை. நெடுங்காலம் மண்ணிற் புதையுண்ட பழங்கண்ணாடி அடுக்கடுக்காய்ச் சிதைந்து மயிற்கழுத்துப் போல் ஒளிர்வதன் காரணத்தை 1940-இல் விளக்கினார். 1948-இல் பெங்களூரில் தம் பெயரால் ஆராய்ச்சிக் கழகம் நிறுவி, மணிகளும் சிப்பிகளும் பட்டாம்பூச்சிகளும் ஆங்குத் திரட்டினார். 1954-இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1970 நவம்பர் 21-இல் அவர் இறக்க, அக்கழகத்துத் தோட்டத்திலேயே உடல் தகனஞ் செய்யப்பெற்றது. அவ்விடத்தில் ஒரு மரத்தை நட்டு வைத்தனர்.