அண்ணல் பெற்ற நான்காண்டு அவகாசம்

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் பிறந்ததும், பள்ளியில் தனியே கோணித் துணியில் அமர்ந்து பயின்றதும், பின்னாளில் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவராக உயர்ந்ததும் நம் இளைஞர்கள் அறிந்தவையே. அவற்றை மீண்டும் கூறி இவ்வெள்ளிவிழா மலரின் பக்கங்களை நிரப்ப நாம் விரும்பவில்லை. தேர்வு முடிவுகள் வந்ததும் விண்ணப்பப் படிவங்களோடு நம் பிள்ளைகள் அலைகின்றனரே, அந்த அலைச்சலை அண்ணல் எவ்வாறு கடந்தார் என்பதை மட்டும் சொல்ல விழைகிறோம்.

1907-ஆம் ஆண்டில் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து அவர் மெட்ரிகுலேஷன் தேறினார். அதற்காக நடந்த பாராட்டுக் கூட்டத்தில் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவருக்குப் பரிசளித்தார். அத்துடன் கடமை தீர்ந்ததென அவர் இருந்துவிடவில்லை. கல்லூரிப் படிப்பு பணமின்றித் தடைப்பட்டபோது, பரோடா மன்னர் சாயாஜிராவ் அவர்களை அணுகி மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்க வழிசெய்தார். மாலை சூட்டுவதோடு நின்றுவிடும் எம்போன்ற தலைமையாசிரியர்கள் நாணவேண்டிய இடம் இது.

பட்டம் பெற்றபின், 1913-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் பரோடா அரசுடன் ஒப்பந்தம் ஒன்றில் அண்ணல் கையெழுத்திட்டார். அயல்நாட்டில் படித்துவிட்டுப் பத்தாண்டுகள் பரோடாவில் பணிபுரிய வேண்டுமென்பது நிபந்தனை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அங்கே அவருடைய பேராசிரியராயிருந்த செலிக்மன், இலண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். 1916 அக்டோபரில் அண்ணல் அங்கே சேர்ந்தார்.

ஓராண்டுகூட நிறையவில்லை. உதவித்தொகைக் காலம் முடிந்தது; திரும்பி வருமாறு பரோடா பணித்தது. படிப்பு பாதியில் நின்றது. கப்பலேறுமுன் அண்ணல் செய்த ஒரு காரியத்தை இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1917 அக்டோபர் முதல் நான்காண்டுகளுக்குள் மீண்டும் வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியை இலண்டன் பல்கலைக்கழகத்திடம் கேட்டுப் பெற்றுக்கொண்டார்.

எம் பள்ளி மாணவன் ஒருவனுக்குக் கல்லூரியொன்றில் இடம் கிடைத்தது. கட்டணம் திரட்ட மூன்று நாள் தாமதமாயிற்று, இடம் பறிபோயிற்று. அவகாசம் கோரி ஒரு மனு எழுதலாமென்று அவனுக்கும் தோன்றவில்லை. அன்று நமக்கும் தோன்றவில்லை. அவன் செங்கல் சூளைக்குப் போனான். அண்ணலின் வரலாற்றில் இப்பகுதியைப் படிக்குந்தோறும் அவன் முகமே நம் கண்முன் நிற்கிறது.

தனியே அனுப்பிய அண்ணலின் நூல்கள், போர்க்காலத் தாக்குதலில் கப்பலோடு கடலில் மூழ்கின. பரோடாவில் உயர் பதவி இருந்தது, குடியிருக்க வீடில்லை. சாதியை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்து தடியேந்திய கூட்டம் அவரை விரட்டியது. பம்பாய் திரும்பியவர், 1918 நவம்பரில் சிடனாம் கல்லூரியில் பேராசிரியரானார். மாதம் 450 ரூபாய் ஊதியம். அக்காலத்தில் அது பெரிய தொகை. ஆயினும் தொழிலாளர் குடியிருப்பிலேயே சிக்கனமாய் வாழ்ந்து, இலண்டன் பயணத்துக்கென்று சேமித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். நண்பர் நவல் பத்தேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். விரட்டியோரும் பார்சிகள், கடன் கொடுத்தவரும் பார்சி என்பதையும் இங்கே குறிக்காமல் விட மனமில்லை.

1920-ஆம் ஆண்டு ஜூலையில், அவகாசம் முடிய ஓராண்டுக்குச் சற்று மேல் இருக்கையில், வேலையைத் துறந்து மீண்டும் கப்பலேறினார். இலண்டனில் அரைவயிற்று உணவோடு நாள் முழுதும் நூலகங்களில் கிடந்தார். 1921-இல் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். ரூபாயின் சிக்கல் குறித்து அடுத்து எழுதிய ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருத்தித் தரச் சொன்னார்கள். கையிலிருந்த பணமோ கரைந்துவிட்டது. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பினார். அவ்வாண்டு இறுதியில் டி.எஸ்ஸி. பட்டம் வழங்கப்பட்டது. அப்போது அவர் பம்பாயில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு, முதல் வழக்குகளைத் தேடிக்கொண்டிருந்தார்.