காந்தியோடு ஒத்துப்போகாத நண்பர்

கும்பகோணத்துல மன்னார்குடி பஸ் ஏறினா வழியில் வலங்கைமான் வரும். நமக்கு அது வெடிக்குப் பேர்போன ஊர். வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி பிறந்த ஊரும் அதுதான். பிறந்தது 1869 செப்டம்பர் 22. காந்தியைவிட பத்தே நாள் மூத்தவர்!

கும்பகோணத்தில் படித்து, திருவல்லிக்கேணியில் ஹெட்மாஸ்டராக இருந்தவர், 1907ல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். கோகலேயை காந்தியும் குருவாக நினைத்தார். ஆனா 1920ல் ஒத்துழையாமை வந்ததும் இருவருக்கும் பாதை பிரிந்தது. சட்டத்தை மீறப் பழகிய ஜனங்கள் நாளை நம்ம சொந்த ஆட்சியிலும் மீறுவார்கள் என்பது சாஸ்திரியின் பயம். இது எனக்கு முழுசா சரியாப் படல. ரௌலட் சட்டத்தை சட்டசபையிலேயே எதிர்த்துப் பேசியவருக்கு, அந்தப் பேச்சு அதை நிறுத்தலைங்கிறதும் தெரியும்தானே?

காந்தி அவரை ஒதுக்கல. கடிதத்தில் சகோதரர் என்றே எழுதினார். 1927ல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்திய அரசின் முதல் ஏஜென்ட் தேவைப்பட்டபோது, போகச் சொல்லி வற்புறுத்தினார். இருபது வருஷத்துக்கு மேல் தான் போராடிய மண்ணுக்கு, தன் வழியை ஏற்காத ஆளை! சாஸ்திரி போனார். டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்காக சாஸ்திரி கல்லூரி எழுந்தது.

1942ல் மறுபடியும் மோதல், 'வெள்ளையனே வெளியேறு' வேண்டாம் என்றார் சாஸ்திரி. 1946 தொடக்கத்தில் அவர் சென்னை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ஊருக்கு வந்திருந்த காந்தி நேரில் போய்ப் பார்த்தார். அந்த ஏப்ரலில் சாஸ்திரி இறந்தார்.