எமில் துர்கைம்

நாம் பேசும் மொழியை நாம் உருவாக்கவில்லை. கையில் புழங்கும் நாணயத்தின் மதிப்பையும் நாம் வகுக்கவில்லை. நாம் பிறக்கும் முன்பே இருந்த இவை, மீற முயல்வோர்க்குத் தம் வலிமையை உணர்த்துகின்றன. இத்தகையவற்றைச் 'சமூக உண்மைகள்' எனக் கொண்டு, அவற்றை ஆராயத் தனி அறிவியல் வேண்டும் என்று நிறுவியவர் எமில் துர்கைம்.

பிரான்சு நாட்டின் எபினால் நகரில், 1858ஆம் ஆண்டு யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தையும் பாட்டனாரும் சமயக் குருமார்கள். அவரோ கல்விப் பணியை நாடினார். பாரிசின் புகழ்பெற்ற எக்கோல் நார்மல் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் இருமுறை தோற்றும் தளராமல், 1879இல் வென்றார். 1887இல் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

உழவும் நெசவும் சிற்றூர் வாழ்வும் தளர்ந்து, ஆலைகளும் நகரங்களும் பெருகிய காலம் அது. பழைய பிணைப்புகள் அறுந்தபின் மக்களை இணைப்பது எது? 1893இல் வெளியான தம் நூலில் துர்கைம் இதற்கு விடை கண்டார். முன்பு ஒத்த தொழிலும் ஒத்த நம்பிக்கையும் மக்களை இணைத்தன; இன்று வெவ்வேறு தொழில் செய்வோர் ஒருவரையொருவர் சார்ந்திருப்பதே அவர்களை இணைக்கிறது என்றார். நெறிகள் தளருமிடத்து மனிதர் அலைக்கழிவர் என்றும் எச்சரித்தார். 1897இல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலை போன்ற தனிமனிதத் துயரத்திலும் சமூகப் பிணைப்பின் தளர்ச்சிக்குப் பங்குண்டு என்பதைப் புள்ளிவிவரங்களால் விளக்கினார்.

எதிர்ப்பும் எழுந்தது. தனிமனிதர் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்வதன் தொகுப்பே சமூகம் என்றார் கேப்ரியல் தார்து. உறுப்பினரின் கூட்டுத்தொகையினும் மேலானது சமூகம் என்பது துர்கைமின் நிலை. 1903இல் இருவரும் பாரிசில் நேருக்கு நேர் வாதிட்டனர்.

சமூகத்தை உயர்த்தியதால் அவர் தனிமனிதரைத் தாழ்த்தினார் என்று கருதுவோர் உண்டு. ஆனால், யூத இராணுவ அதிகாரியான திரைபசு குற்றமற்றவராயிருந்தும் தண்டிக்கப்பட்டபோது, துர்கைம் அவர் பக்கம் நின்றார். தனிமனித உரிமையைப் போற்றுவதே நவீன சமூகத்தைப் பிணைக்கும் பொது நம்பிக்கை என 1898இல் எழுதினார்.

முதல் உலகப்போரில் அவருடைய மகன் ஆந்திரே உயிரிழந்தார். மொழியியல் அறிஞராக வளர்ந்துவந்த அம்மகனின் இழப்பு அவரை உருக்குலைத்தது. 1917இல் அவரும் மறைந்தார். சமூகம் மனிதரை ஆக்குகிறதா, மனிதர் சமூகத்தை ஆக்குகின்றனரா என்னும் வினாவைச் சமூகவியல் இன்றும் எழுப்பிக்கொண்டிருக்கிறது. அவ்வினாவுக்குச் சான்றுகளைக் கொண்டு விடை தேடும் நெறியே அவர் விட்டுச்சென்ற செல்வம்.