முன்சக்கரத்தை ஈந்த வீரர்

நெய்யாற்றின்கரைக்கு வடக்கே உயர்ந்து நிற்கிறது பொன்முடி. அங்குச் செல்லும் மலைச்சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மிதிவண்டியில் ஏறுவோர் ஒவ்வொரு வளைவிலும் மூச்சு வாங்குவர். அதனினும் உயர்ந்த கணவாய்களில் மிதிவண்டி ஓட்டிப் புகழ்பெற்றவர் ரெனே வியெத்தோ.

இவர் பிரான்ஸ் நாட்டின் தென்கடற்கரையில், கான் நகருக்கு அருகில் 1914ஆம் ஆண்டு பிறந்தார். இளமையில் தங்கும் விடுதி ஒன்றில் ஏவலராகப் பணிபுரிந்தார். மலையேறும் திறனே இவரை மிதிவண்டி வீரராக உயர்த்தியது.

பிரான்ஸில் 1903 முதல் டூர் டி பிரான்ஸ் என்னும் நெடுந்தொலைவுப் போட்டி நடைபெறுகிறது. 1934இல் தம் 20ஆம் வயதில் வியெத்தோ அதில் பிரெஞ்சு அணிக்காகப் பங்கேற்றார். அணித் தலைவர் அந்தோனின் மாஞ் முதலிடத்தில் இருந்தார். அவரைக் காப்பது ஏனைய வீரர்களின் கடமை. அவர்கள் முன்சென்று எதிர்க்காற்றைத் தாங்குவர். பின்வரும் தலைவருக்கு உழைப்புக் குறையும். ஆயினும் ஆல்ப்ஸ் மலைகளில் வியெத்தோ பலமுறை அனைவரையும் முந்தி வென்றார். அவரே பட்டம் வெல்வார் என்று பலரும் எண்ணினர்.

பின்னர்ப் போட்டி பிரனீஸ் மலைகளை அடைந்தது. புய்மொரேன்ஸ் கணவாயிலிருந்து இறங்கும்போது மாஞ் விழுந்தார். அவரது முன்சக்கரம் உடைந்தது. வியெத்தோ தம் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். மாஞ் விரைந்து சென்றார். உதவி வண்டியோ வெகுதொலைவில் இருந்தது. பிறர் தம்மைக் கடந்து செல்லச் செல்ல, வியெத்தோ சாலையோரக் கற்சுவரில் அமர்ந்து கண்ணீர் விட்டார். அக்காட்சியின் நிழற்படம் நாடெங்கும் பரவியது.

மறுநாள் போர்த்தே தஸ்பே கணவாயில் மாஞ்சின் வண்டி மீண்டும் பழுதாயிற்று. முன்னே சென்றுகொண்டிருந்த வியெத்தோ வண்டியைத் திருப்பி, வந்த வழியே மேலேறிச் சென்று உதவினார். மாஞ் பட்டம் வென்றார். வியெத்தோ ஐந்தாம் இடமும், சிறந்த மலையேற்ற வீரர் என்னும் பெருமையும் பெற்றார்.

1939இல் அவர் இரண்டாம் இடம் பெற்றார். 1947இல் நெடுநாள் முதலிடத்தில் இருந்தும், 139 கிலோமீட்டர் தனியோட்டத்தில் பின்தங்கினார். இறுதிவரை அப்பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. 1988இல் அவர் மறைந்தார். பிரான்ஸின் பிராஸ் கணவாயில் அவருக்கு நினைவுக்கல் உள்ளது.

கொடுத்தபோது அவருக்கும் வலித்தது. வலித்தும் மறுநாள் மீண்டும் கொடுத்தார். அதனாலேயே மக்கள் அவரை மறக்கவில்லை.

சொற்பொருள்
கணவாய் – மலைகளுக்கு இடையே உள்ள வழி
ஏவலர் – பணியாளர்
ஈந்த – கொடுத்த

வினாக்கள்
1. அணி வீரர்கள் தலைவருக்கு எவ்வாறு உதவுவர்?
2. வியெத்தோ கண்ணீர் விட்டது ஏன்?
3. வியெத்தோவின் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் மறுநாள் என்ன செய்திருப்பீர்கள்? ஐந்து வரிகளில் எழுதுக.